சார்ஜரில் இருந்தபடியே அணைந்த மடிக்கணினி: ஒரு நிகழ்வு ஆய்வு

கரூரில் வரிக் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தை நடத்தும் பெண்மணி, சென்ற ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் தம் மடிக்கணினியை என் பழுதுபார்க்கும் பட்டறைக்குக் கொண்டு வந்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, எந்த அறிவிப்பும் இல்லாமல், விளக்கை அணைத்ததுபோல அது அணைந்துவிடுகிறது என்பதே அவர் சொன்ன குறை. ஜிஎஸ்டி கணக்குகளுக்கு மாதந்தோறும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கெடு நாட்கள் என்பதால், அந்த நாட்களை ஒட்டி அவருடைய கணினிக்கு ஓய்வே இருப்பதில்லை. பிப்ரவரி மாதக் கெடுவுக்கு முதல் நாள் இரவு மட்டும் மூன்று முறை அணைந்ததில், டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிந்திருந்த ஒரு நிறுவனத்தின் கணக்குக் கோப்பு கெட்டுப்போய், முந்தைய நாள் எடுத்து வைத்த நகலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் பதிய வேண்டியதாயிற்று. மடிக்கணினி எத்தனை ரூபாய்க்கு வாங்கியது என்பதைவிட, அதற்குள் இருக்கும் பிறருடைய கணக்குகள்தாம் அவருக்குக் கவலையாக இருந்தன.

அது 2020இல் வாங்கிய 15.6 அங்குலக் கணினி. பத்தாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, உள்ளே பொருத்திய மூன்று செல் பேட்டரி, 19.5 வோல்ட்டில் 65 வாட் தரும் சார்ஜர். என்னிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார்கள், ரேமையும் மாற்றியிருந்தார்கள். இரண்டுக்கும் பணம் கொடுத்த பிறகும் அது முன்போலவே அணைந்துகொண்டிருந்தது. விண்டோஸைப் புதிதாக ஏற்றியதில் இன்னொரு இழப்பும் இருந்தது. ஒவ்வொரு முறை அணைந்தபோதும் கணினி தானாக எழுதி வைத்திருந்த பதிவுகள் அத்தனையும் அதோடு போய்விட்டன. நோயாளியின் பழைய சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு மருத்துவம் பார்க்கத் தொடங்குவதற்கு ஒப்பான செயல் அது. எனக்குக் கிடைத்தவை கடைசி ஒன்பது நாட்களின் பதிவுகள் மட்டுமே.

அணைந்த விதத்தைப் படிப்பது

ஒரு கணினி தானாக நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும், எப்படி நின்றது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் தானே முறைப்படி மூடிக்கொள்வது ஒரு வகை. புதுப்பிப்புக்காகவோ, பேட்டரி அடிமட்டத்துக்கு வந்ததாலோ அப்படி நடக்கும். நீலத் திரை தோன்றிவிட்டு மறுபடி தொடங்குவது இன்னொரு வகை. அதில் டிரைவர், ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றின்மீது ஐயம் விழும். உண்மையில் அணையாமல் உறக்க நிலைக்குப் போனதையே அணைந்ததாக எண்ணிக் கொண்டு வருபவர்களும் உண்டு. மூடியை மூடினால் அதை உணர்ந்துகொள்ளும் காந்த உணரி பெரும்பாலான மடிக்கணினிகளில் இருப்பதால், காந்தப் பட்டை வைத்த செல்போன் உறையை விசைப்பலகையின் ஓரத்தில் வைத்தாலே திரை அணைந்துவிடும். இவை எவற்றிலும் சேராமல், மின்சாரமே இல்லாமல் போனதுபோல ஒரே கணத்தில் எல்லாம் நிற்பது கடைசி வகை. இந்தக் கணினி அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது என்பது அவர் விவரித்ததிலேயே தெரிந்தது. ஃபேனின் ஓசை, திரை, பக்கவாட்டு விளக்கு மூன்றும் ஒருசேர நின்றனவாம்.

பதிவுகளும் அதையே சொல்லின. விண்டோஸில் இவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போனால், கெர்னல் பவர் என்ற பெயரில் 41 என்ற எண்ணுள்ள பதிவு இருந்தால், சென்ற முறை கணினி முறைப்படி மூடப்படவில்லை என்று பொருள். அந்தப் பதிவு அணைந்த நேரத்தில் எழுதப்படுவதில்லை; மறுபடி தொடங்கும்போதுதான் எழுதப்படுகிறது. ஆகவே அதில் உள்ள நேரத்தை அணைந்த நேரம் என்று கொள்ளக் கூடாது. ஏறத்தாழ எப்போது அணைந்தது என்பதை 6008 என்ற எண்ணுள்ள பதிவின் வாசகத்துக்குள் தேட வேண்டும். 41ஆம் பதிவின் விவரப் பகுதியில் பக்செக் கோடு என்ற இடத்தில் பூச்சியம் இருந்தால், நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை என்று கொள்ளலாம். பயனரோ ஒரு மென்பொருளோ முறைப்படி அணைத்திருந்தால் 1074 என்ற எண் இருக்கும். இந்தக் கணினியில் ஒன்பது நாட்களில் ஏழு 41கள் இருந்தன. ஏழிலும் பக்செக் கோடு பூச்சியம். அவற்றை ஒட்டி 1074 ஒன்றுகூட இல்லை. அதாவது, விண்டோஸுக்கே தெரியாமல் அதன் காலடியிலிருந்து மின்சாரம் பறிக்கப்பட்டிருந்தது. இதற்குமேல் மென்பொருளில் தேட வேண்டிய தேவை இல்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரியானதுதான். அடுத்து நான் எடுத்த முடிவுதான் தவறாகிப்போனது.

நான் செய்த பிழை

பின்மூடியைத் திறந்ததும், வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் துடுப்புகளுக்கும் ஃபேனுக்கும் இடையே தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்திருப்பது தெரிந்தது. நெசவுக் கூடங்கள் நிறைந்த ஊர் என்பதால் இங்கே வரும் கணினிகளில் பஞ்சிழை கலந்த தூசி வழக்கமாக இருப்பதுதான். ஆனால் இது காற்றே புகாத அளவுக்கு அடைத்துக் கிடந்தது. பிராசசரின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்த அதன்மேல் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல உதிர்ந்தது. சுத்தம் செய்வதற்கு முன் முழுச் சுமை கொடுத்துப் பார்த்தபோது வெப்பம் 97 பாகை செல்சியஸ் வரை ஏறியது. தூசியை அகற்றிப் புதிய பேஸ்ட் வைத்த பிறகு 78 பாகையில் நின்றது. எதிரில் இவ்வளவு தெளிவான குற்றவாளி நிற்கும்போது வேறொருவரைத் தேட மனம் வருவதில்லை.

ஆனால் அந்த 97 என்ற எண்ணே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். இந்த வகைப் பிராசசர்கள் 100 பாகையை நெருங்கும்போது தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்குமே தவிர, அணைந்துவிடுவதில்லை. அந்த எல்லையையும் கடந்து வெப்பம் வெகுவாக ஏறினால்தான் பிராசசரின் உள்ளேயே இருக்கும் பாதுகாப்பு, மின்சாரத்தை ஒரேயடியாகத் துண்டிக்கச் சொல்லும். அப்படித் துண்டிக்கப்பட்டாலும் பதிவில் வெறும் 41 மட்டுமே மிஞ்சக்கூடும் என்பதால், பதிவுகள் என் ஊகத்தை மறுக்கவில்லை. மறுக்காததை நான் ஆதரவாக எடுத்துக்கொண்டேன். என் கண்முன் அது ஒருமுறைகூட வெப்பத்தால் அணையவில்லை என்பதற்கு உரிய மதிப்பை நான் கொடுக்கவில்லை.

பேட்டரியையும் நான் முற்றிலும் விட்டுவிடவில்லை. பவர்சிஎஃப்ஜி கட்டளையால் விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். வடிவமைப்புக் கொள்ளளவு 42,000 மில்லிவாட்மணி, இப்போதைய முழுக் கொள்ளளவு 29,400 மில்லிவாட்மணி என்றிருந்தது. நான்கு ஆண்டுகள் ஆன பேட்டரிக்கு 70 விழுக்காடு என்பது குறை சொல்லத்தக்கதல்ல. மேலும் அவரிடம் கேட்டபோது, "சார்ஜர்லயேதானுங்க தம்பி எப்பவும் இருக்குது, பேட்டரியப் பத்தி எதுக்குக் கேக்கறீங்க?" என்றார். சார்ஜரில் இருக்கும் கணினி பேட்டரியால் அணையாது என்பது அவருக்கு மட்டுமல்ல, அன்று எனக்கும் ஏற்புடையதாகவே இருந்தது. போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: "அப்பப்ப திரை வெளிச்சம் மங்கி மங்கித் தெளியுமுங்க." அதை நான் குறித்துக்கொள்ளவே இல்லை. இந்த நிகழ்வு முழுவதற்கும் திறவுகோலாக இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

இரண்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டேன், அணையவில்லை. கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அது அவருடைய மேசையில் மறுபடி அணைந்தது.

அந்த இரண்டு மணி நேரச் சோதனை எதையும் நிறுவவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. கணினி என் மேசையில் அசையாமல் இருந்தது. அதில் செருகியிருந்தது பட்டறையின் சார்ஜர், அவருடையதல்ல. சார்ஜரின் முனையை நான் ஒருமுறை செருகியபின் தொடவே இல்லை. அவருடைய அலுவலகத்தில் அது எப்படிப் பயன்படுகிறதோ, அதில் ஒன்றுகூட என் சோதனையில் இல்லை. பழுது வெளிப்படும் சூழலை அகற்றிவிட்டு, பழுது வெளிப்படவில்லை என்று சான்றளித்திருந்தேன்.

மேசையருகே கண்டது

இரண்டாம் முறை கணினியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லாமல் நானே அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். இடையில் அவரிடம் ஒரு சிறு குறிப்பேட்டில், அணையும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அந்தக் கணத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் குறிப்புகள் துல்லியமாக இருந்தன. நான்கு நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. நான்கிலும் ஜிஎஸ்டி தளம், எக்செல், டாலி மூன்றும் திறந்திருந்தன. முதல் மூன்றில், எதிரே அமர்ந்திருந்த வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகக் கணினியைத் திருப்பியதாக எழுதியிருந்தார். நான்காவதில், இடப்புறம் இருந்த கோப்புக் கட்டை நகர்த்தியதாக இருந்தது.

சார்ஜர் செருகும் துளை அந்தக் கணினியின் இடப்புறத்தில்தான் இருந்தது. கம்பி மேசையின் விளிம்பில் தொங்கி, கீழே இருந்த ஸ்விட்ச் போர்டுக்குப் போனது. கணினியைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கம்பி இழுபட்டு, முனை துளைக்குள் சற்றே சாய்ந்தது. அலுவலகத்தின் மின்இணைப்பில் குறை இருக்குமோ என்று அவருக்கு ஓர் ஐயம் இருந்தது. ஆனால் அதே போர்டில் யூபிஎஸ் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மேசைக் கணினி அந்த நான்கு நேரங்களிலும் அணையாமல் இருந்ததால் அந்த ஐயத்தை அங்கேயே தள்ளிவிட முடிந்தது.

இப்போது பதிவுகளை வேறு கேள்வியோடு திறந்தேன். கெர்னல் பவர் என்பதன் கீழேயே 105 என்ற எண்ணுள்ள பதிவு ஒன்று உண்டு. மின்சாரம் சார்ஜரிலிருந்து பேட்டரிக்கோ, பேட்டரியிலிருந்து சார்ஜருக்கோ மாறும்போதெல்லாம் அது எழுதப்படும். சார்ஜரை ஒருபோதும் கழற்றுவதில்லை என்று சொல்லப்பட்ட கணினியில், ஒரு வேலை நாளில் சராசரியாகப் பதினைந்து, இருபது முறை அந்தப் பதிவு இருந்தது. பெரும்பாலானவை இரட்டையாக வந்தன: பேட்டரிக்கு மாறியது ஒன்று, ஓரிரு நொடிகளில் சார்ஜருக்குத் திரும்பியது ஒன்று. திரை மங்கித் தெளிந்ததன் பொருள் இதுதான். பேட்டரியில் ஓடும்போது திரையின் ஒளியைக் குறைக்கும்படி விண்டோஸில் வழக்கமாகவே அமைத்திருக்கும். சார்ஜர் விட்டுப்போன ஒவ்வொரு முறையும் ஒளி குறைந்தது, திரும்பி வந்ததும் கூடியது. அணைந்த நேரங்களை ஒட்டி மட்டும் 105 இல்லை. அதுவும் இயல்பே. பதிவு எஸ்எஸ்டியில் போய்ச் சேர்வதற்குள் மின்சாரம் போய்விட்டால் அந்தக் கடைசி வரி எழுதப்படாமலே போகும். கணினி பிழைத்துக்கொண்ட தருணங்கள்தாம் பதிவில் மிஞ்சியிருந்தன.

ஆனால் இது பாதி விடைதான். சார்ஜர் ஓரிரு நொடி விட்டுப்போவதால் மட்டும் மடிக்கணினி அணையக் கூடாது. அந்த நொடியைத் தாங்குவதற்காகத்தானே உள்ளே பேட்டரி இருக்கிறது? ஒரு நாளில் பல முறை விட்டுப்போகும் சார்ஜர், ஏன் ஒன்றிரண்டு முறை மட்டும் கணினியை வீழ்த்துகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றுவதில்லை என்று இம்முறை உறுதியாக இருந்தேன்.

ஒவ்வொன்றாகப் பிரித்த சோதனை

கணினியை அவருடைய சார்ஜரோடு சேர்த்தே எடுத்து வந்தேன். முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டினேன். 71 விழுக்காடு மின்சாரம் இருந்தது. ஒரு வேர்ட் கோப்பைத் திறந்து வைத்துத் தட்டச்சு செய்ததில் முக்கால் மணி நேரம் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு மறுபடி 71 விழுக்காட்டுக்கு ஏற்றி, பிரைம்95 மென்பொருளால் பிராசசருக்கு முழுச் சுமை கொடுத்தேன். பதினொன்றாம் நொடியில் அணைந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் இருபது நொடிகளைத் தாண்டவில்லை.

அடுத்து பேட்டரியின் இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டினேன். அசைக்காமல் வைத்தபோது மூன்று மணி நேரம் முழுச் சுமையில் நின்றது. சார்ஜரின் முனையை விரலால் மெல்லக் கீழ்நோக்கி அழுத்தியதும், சுமையே இல்லாத நிலையிலும், உடனே அணைந்தது. குறை முனையிலா துளையிலா என்று அறிய, பட்டறையின் சார்ஜரைச் செருகி அதேபோல அழுத்தினேன், அப்போதும் அணைந்தது. அவருடைய சார்ஜரை மல்டிமீட்டரில் வைத்துக் கம்பியை முனையருகே எத்தனை விதமாக வளைத்தபோதும் 19.6 வோல்ட் அசையாமல் நின்றது. ஆகவே குறை கணினியில் சார்ஜர் செருகும் துளையான டிசி ஜாக்கில்தான் என்பது உறுதியாயிற்று.

இந்த மாதிரியில் டிசி ஜாக் மதர்போர்டில் நேரடியாகச் சால்டர் செய்யப்பட்டதல்ல. ஒரு சிறு கம்பிக் கற்றையோடு தனியாக வந்து போர்டில் செருகப்படுவது. கழற்றிப் பார்த்தபோது அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. உள்ளே முனையைக் கவ்விப் பிடிக்கும் தகடு தளர்ந்துபோய்விட்டது. ஒரு முனையைச் செருகி, இரு பக்கங்களுக்கும் இடையே மல்டிமீட்டரால் தடையை அளந்தபோது, நேராக இருக்கையில் 0.2 ஓம் காட்டிய இடம், சாய்த்தபோது ஒன்று, இரண்டு ஓம் என்று தாவி, ஒரு கோணத்தில் முற்றிலும் திறந்துகொண்டது. ஒரு ஓம் என்பது சிறியதுபோலத் தோன்றும். 3 ஆம்பியர் மின்சாரம் ஒரு ஓம் தடையின் வழியே பாய்ந்தால் அந்த ஓர் இடத்தில் மட்டும் 9 வாட் வெப்பம் உண்டாகும். விரல் நுனியைவிடச் சிறிய அந்த இடத்தில் அவ்வளவு வெப்பம் உண்டாவதால்தான் பிளாஸ்டிக் பழுப்பேறுகிறது. ஜாக் தளர்ந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் சூடு ஏறுகிறது, சூடு ஏறினால் தகட்டின் பிடி இன்னும் தளர்கிறது. இப்படிப்பட்ட ஜாக்கைச் சாய்த்து வைத்து, காகிதத்தை மடித்துச் செருகிச் சமாளித்துக்கொண்டிருப்பவர்கள் அதை உடனே மாற்றிவிட வேண்டும் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

70 விழுக்காடு பேட்டரி ஏன் தாங்கவில்லை

என்னை ஏமாற்றியது பேட்டரி அறிக்கையின் அந்த 70 என்ற எண். அது எவ்வளவு மின்சாரம் உள்ளே அடங்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, அதை எவ்வளவு வேகமாக வெளியே எடுக்க முடியும் என்பதைச் சொல்வதில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குழாயில் உப்புப் படிந்து அடைத்திருந்தால் அவசரத்துக்கு வாளி நிறையாது. லித்தியம் அயன் செல் மூப்படையும்போது கொள்ளளவு குறைவதோடு, மின்சாரம் பாய்வதற்கு அதன் உள்ளேயே இருக்கும் உட்தடையும் கூடுகிறது. உட்தடை கூடிய செல்லிலிருந்து குறைந்த மின்சாரம் எடுக்கும்வரை எதுவும் தெரியாது. திடீரென்று அதிகமாக இழுக்கும்போது அதன் வோல்ட் சரிகிறது.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளால் பேட்டரியின் வோல்ட்டை நொடிக்கு நொடி பதிந்துகொண்டே முன்பு செய்த சோதனையை மறுபடி செய்தேன். சுமை இல்லாதபோது 11.5 வோல்ட். மூன்று செல்கள் தொடராக இணைந்தவை என்பதால், சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.83 வோல்ட். முழுச் சுமை விழுந்ததும் வோல்ட் சரிந்து, அணைவதற்குமுன் கடைசியாகப் பதிவானது 9.8. மூன்று செல்களும் ஒன்றுபோல மூப்படைந்திருந்தால் 9.8 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 3.27இல் இருக்கும், அந்த அளவில் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டிக்கக் காரணமில்லை. ஆனால் அது துண்டித்தது. இரண்டு செல்கள் நல்ல நிலையில் இருந்து, சுமையில் தலா 0.2 வோல்ட் மட்டுமே குறைந்திருந்தால் அவை இரண்டும் சேர்ந்து 7.26 வோல்ட் தரும். மீதி 2.54 வோல்ட்தான் மூன்றாவது செல்லின் பங்கு. பாதுகாப்புச் சுற்று மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பதில்லை; ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணித்து, ஒன்று மட்டும் ஏறத்தாழ 2.5 முதல் 3 வோல்ட் என்ற எல்லைக்குக் கீழே போனாலும், செல் கெட்டுத் தீங்கு நேராமல் இருக்க முழு பேட்டரியையும் துண்டித்துவிடும். மூவர் தூக்கும் சுமையில் ஒருவர் தடுமாறினால் சுமையையே கீழே இறக்கிவிடுவதுபோல. பேட்டரி தன் கடமையைத்தான் செய்தது.

இந்த இடத்தில் முடிச்சு முழுவதும் அவிழ்ந்தது. சாதாரண வேலையின்போது சார்ஜர் விட்டுப்போனால், கணினி கேட்கும் எட்டுப் பத்து வாட் மின்சாரத்தை அந்தத் தளர்ந்த பேட்டரியாலும் கொடுக்க முடிந்தது. திரை ஒருகணம் மங்கித் தெளிந்ததோடு சரி. ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பெரிய பட்டியல் இறங்கிக்கொண்டிருக்கும்போதோ, எக்செல் ஆயிரக்கணக்கான வரிகளைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போதோ பிராசசர் சில நொடிகளுக்குத் தன் வழக்கமான 15 வாட் அளவைவிட இரு மடங்குக்கும் மேல் இழுக்கும். சரியாக அந்த நொடியில் வாடிக்கையாளரிடம் கணினியைத் திருப்பினால் சார்ஜரும் விட்டுப்போகும், பேட்டரியும் கைவிடும். கெடு நாட்களில் மட்டும் அதிகமாக அணைந்ததற்கும் இதுவே காரணம். அந்த நாட்களில்தான் கனமான வேலையும் எதிர் இருக்கையில் ஆட்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

ஜாக் நன்றாக இருந்திருந்தால் பேட்டரியின் நோய் வெளியே தெரிந்திருக்காது. பேட்டரி நன்றாக இருந்திருந்தால் ஜாக்கின் தளர்ச்சி வெறும் திரை மங்கலாகவே நின்றிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்த கணத்தில் மட்டும் வெளிப்பட்டன. ஒரு பழுதுக்கு ஒரே காரணம் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு தேடியிருந்தால், இவற்றில் எதைக் கண்டாலும் அதோடு நிறுத்தியிருப்பேன். முதல் முறை தூசியைக் கண்டதும் நிறுத்தியது அப்படித்தான்.

தூசியும் இதில் தொடர்பில்லாததல்ல. பேட்டரியின் ஒரு பக்கம் ஹீட்சிங்கின் குழாயை ஒட்டியே இருந்தது. காற்றோட்டம் அடைபட்ட கணினியில் அந்தப் பக்கத்து செல் ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்திருக்கிறது. அதோடு, எப்போதும் சார்ஜரில் இருந்ததால் பேட்டரி நாள் முழுவதும் நூறு விழுக்காட்டிலேயே நின்றிருக்கிறது. அதிக வெப்பமும் முழு மின்னேற்றமும் ஒன்றாக நீடிப்பது லித்தியம் அயன் செல்லை விரைவில் மூப்படையச் செய்யும். நான் முதல் முறை அகற்றிய தூசி அணைவதற்கு நேரடிக் காரணமாக இல்லை. அந்தக் காரணத்தை வளர்த்தெடுத்ததில் அதற்குப் பங்கு உண்டு.

எதை மாற்றுவது என்ற கேள்வி

கண்டதை அவரிடம் விளக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்பது. ஏற்கெனவே இரண்டு இடங்களில் செலவழித்தவர் அப்படிக் கேட்பது நியாயமானதே. அந்த இரண்டாவது இடம் என்னுடையது என்பதால் பதிலை நன்கு யோசித்தே சொன்னேன். ஜாக்கை மட்டும் மாற்றினால் மேசையில் அணைவது நிற்கும். ஆனால் மின்வெட்டு வந்த நொடியில் அதே கதை திரும்பும். பேட்டரியை மட்டும் மாற்றினால் அணைவது முற்றிலும் நின்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஜாக் உள்ளே சூடேறிக்கொண்டே இருக்கும், அந்த இடத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் போர்டின் இணைப்பும் நாளடைவில் கருகும். பணம் இப்போது ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஜாக்கை மாற்றச் சொல்வேன், ஏனெனில் அதில்தான் தீங்கு இருக்கிறது. அவர் இரண்டையும் மாற்றச் சொன்னார். முதல் முறை சுத்தம் செய்ததற்கு வாங்கிய கூலியை இரண்டாவது வேலையில் கழித்துக்கொண்டேன்.

பழைய பேட்டரி உப்பியிருக்கவில்லை. உப்பியிருந்தால் இத்தனை சோதனைகளையும் செய்திருக்கவே மாட்டேன். டச்பேட் மேலே எழும்பினாலோ, பின்மூடி சரியாகப் படியாமல் பிளந்து நின்றாலோ கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அழுத்தாமல் குத்தாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். உப்பிய பேட்டரி தட்டையாகிவிடும் என்று அதன்மேல் எடையை ஏற்றி வைத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் செய்யக் கூடாது.

சரியாகிவிட்டதா என்று பார்த்த விதம் இம்முறை வேறாக இருந்தது. அவருடைய சார்ஜரையே செருகி, பிராசசருக்கு முழுச் சுமை கொடுத்து, அந்த நிலையில் முனையை ஐம்பது முறை பிடுங்கிச் செருகினேன். பிறகு முனையைச் செருகியபடியே கணினியை அவர் திருப்புவதுபோல மேசையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதிய பேட்டரி, சுமை விழுந்தபோது 11.9 வோல்ட்டிலிருந்து 11.2க்கு இறங்கி அங்கேயே நின்றது. திருப்பியபோது 105 என்ற பதிவு ஒன்றுகூட எழவில்லை. பிடுங்கியபோது எழுந்த நூறும் பிழையில்லாமல் வரிசையாக இருந்தன. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் மின்னேற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு இந்த மாதிரியில் இருந்ததால், எப்போதும் சார்ஜரில் வைத்து வேலை செய்பவருக்கு அது தேவை என்று விளக்கி, அவர் சம்மதித்த பிறகு அதை இயக்கினேன். சார்ஜரின் கம்பி மேசை விளிம்பில் தொங்கி இழுபடாமல், ஒரு கிளிப்பால் மேசையோடு பிடித்து வைக்கச் சொன்னேன்.

அக்டோபரில் ஃபேனைச் சுத்தம் செய்வதற்காக அவர் அதைக் கொண்டு வந்தபோது, அவர் கேட்காமலே பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஏழு மாதங்களில் 41 என்ற எண் ஒருமுறைதான் இருந்தது. எதிரே நின்றவர் தேதியைக் கேட்டதும், அன்று விண்டோஸ் புதுப்பிப்பு பாதியில் உறைந்து நின்றதால் தாமே பவர் பொத்தானை நெடுநேரம் அழுத்தி அணைத்ததாகச் சொன்னார். அவருடைய குறிப்பேட்டிலும் அது எழுதப்பட்டிருந்தது.